நாற்சந்தியில் அக்கா போட்ட சத்தம்

சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் இரண்டு குலுங்கு குலுங்கி, நடுரோட்டில் உயிரை விட்டது.

"கிளட்ச்சை விட்டுட்டீங்க டாக்டர்," என்றார் பிரேக் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணத்துக்கே, பக்கத்துப் பேருந்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்து, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதை அவர் மிதிக்கிற வேகத்தில் கிடைத்த பெயர் அது. அறுபதைத் தாண்டியும் அந்தக் கால் ஓய்வு பெறவில்லை. அடுத்தவர் காரில், பின் சீட்டில் உட்கார்ந்து போனாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டுக்காரருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் என்று அக்கா சொல்வார். பிறகுதான் என்று வீட்டுக்காரர் சொல்வார், அக்கா பக்கத்தில் இல்லாதபோது.

அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர். தன் நாற்காலியில் படுப்பவர்கள் எப்படி நடுங்குவார்களோ அப்படியே நடுங்கினார். சாவியைத் திருப்பியவர் சாலையைப் பார்க்காமல் நாற்சந்தியின் மூலையைப் பார்த்தார்.

அங்கே ஆளுயரத்துக்கு ஒரு மரப்பலகை நின்றது. அதில் நாற்பது வருஷத்துக்கும் மேல் பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படம். காய்கறிப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, கையை வீசிக் கத்தும் ஓர் இளம்பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. ஆரஞ்சுத் தொப்பி போட்ட சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் பின்னால் போய், ஓட்டையில் தலையை நுழைத்து, வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெரிய மீசையும் வழுக்கையும் வாய்த்திருந்தன.

"ஒரிஜினல் படத்துல அந்தப் பொண்ணு வாயைப் பாத்திருக்கீங்களா அக்கா?" என்றார் டாக்டர் பக்தியோடு. "இவ்வளவு நல்லாத் திறக்கிற பேஷண்ட் எனக்கு ஒருத்தர்கூடக் கிடைச்சதில்ல."

"ரோட்டைப் பாருங்க," என்றார் அக்கா. "பச்சை விழுந்தாச்சு."

அந்த வாய் அவருடையது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கிளட்ச்சே பிடிபடாதவரிடம் இதை வேறு சொல்லி என்ன ஆகப்போகிறது.

*

நடந்தது என்னவென்றால், அந்தக் காலத்து அரசாங்கம் ஊர்ப் பள்ளிகளில் பாதியை மூடப்போவதாக அறிவித்தது. படித்தது போதும், வேலைக்குப் போங்கள் என்றது. பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். ஒரு காலையில் வகுப்பை விட்டு வெளியே வந்து, பதாகை பிடித்து, நகரமன்றத்தை நோக்கி நடந்தார்கள். நாற்சந்தியில் சிப்பாய்கள் வழிமறித்து நின்றார்கள். சுட்டார்கள். சில பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. அதற்குப் பின் பள்ளிகளை மூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அந்தப் பிள்ளைகளுக்குக் கடன்பட்டவர்கள்தான். அதில் கேலிக்கு இடமே இல்லை.

கேலிக்கு இடம் கொடுத்தவர்கள் பிற்பாடு வந்தவர்கள். சுற்றுலாத் துறை 'எழுச்சி நடை' என்று ஒன்றை ஆரம்பித்தது. தொப்பி கொடுப்பார்கள், காதில் மாட்ட ஒரு கருவி கொடுப்பார்கள். எண் போட்ட கம்பத்தின் முன்னால் நின்று பொத்தானை அமுக்கினால் அந்த இடத்தின் கதையைக் குரல் சொல்லும். கூடவே மாதம் ஒருமுறை நகரமன்றக் கூடத்தில் 'உரையாடல் வட்டம்'. அன்று நடந்ததைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். அதில் பேசிய ஒவ்வொருவரும் தான் முன்வரிசையில் நின்றதாகச் சொன்னார்கள். எல்லோரையும் நம்பினால் அந்த முன்வரிசை ரயிலடியில் ஆரம்பித்து ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்க வேண்டும். அத்தனை நீள வரிசையைப் பார்த்திருந்தால் சிப்பாய்கள் அப்போதே கம்பி நீட்டியிருப்பார்கள்.

இந்த முன்வரிசைக்காரர்களுக்கெல்லாம் முன்வரிசைக்காரர் பிரேக் அக்காவின் தம்பி. மரச்சாமான் கடை வைத்திருப்பவர், நினைவுக் குழுவுக்குத் தலைவர். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் மேடையில் கேட்பதுபோல்தான் கேட்பார். அந்தப் புகைப்படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது தன் முழங்கை என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார். அது உண்மைதான். ஆனால் மொத்த ஆளையும் விட்டுவிட்டு முழங்கையை மட்டும் வைத்து ஒருவர் எத்தனை வருஷம் தலைவராக இருக்க முடியும்? போன மாதக் கூட்டத்தில் யாரோ அந்த முழங்கை தன்னுடையது என்று உரிமை கொண்டாட, தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"முழங்கை என்னய்யா முழங்கை! அந்தப் பொண்ணே என் கூடப்பிறந்த அக்கா!" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை சுற்றுலா அதிகாரி அக்காவின் வீட்டு வாசலில் நின்றாள். துடிப்பான பெண். எதைப் பார்த்தாலும் 'அனுபவம்' என்பாள். நடப்பது ஓர் அனுபவம், தொப்பி போடுவது ஓர் அனுபவம்.

"நாற்சந்தி நிறுத்தத்துல இப்ப வெறும் இசைதான் வருது மேடம்," என்றாள். "அங்க உங்க சொந்தக் குரல் வரணும். அன்னைக்கு என்ன முழக்கம் போட்டீங்களோ அதையே இந்த வருஷ நினைவு நாள் வட்டத்துல, எல்லார் முன்னாடியும் போடுங்க. நாங்க பதிவு பண்ணிக்கறோம். அது எப்பேர்ப்பட்ட அனுபவம்! என்ன முழக்கம் மேடம் அது? குழுவுல ரெண்டு கட்சி. 'பள்ளியைத் திற'ன்னு சில பேர், 'பணிய மாட்டோம்'னு சில பேர்."

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்றார் அக்கா. "வயசாச்சு, மறந்து போச்சு."

அவருக்கு எதுவும் மறக்கவில்லை.

*

அன்று காலை அவர் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயது. பதினைந்து வயதுத் தம்பி பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர்வலத்தில் பதாகையின் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று பக்கத்து வீட்டிலிருந்து தகவல் வந்தது. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "போடி, அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வா," என்றாள்.

ஈரக் கையோடு ஓடினார். நாற்சந்தியில் ஒரே தலைகள். எம்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் காய்கறிக்காரர் கடையை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி ஒன்றின் மேல் அக்கா ஏறினார். உள்ளே தக்காளி இருந்ததை ஏறிய பிறகுதான் உணர்ந்தார். மேலிருந்து பார்த்தால் தம்பி ஒரு கம்போடு நிற்கிறான். மறு கம்போடு அவனுடைய பெஞ்சுத் தோழன் நெட்டை.

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"டேய் வாலு! வீட்டுக்கு வாடா! சாப்பாடு ஆறுது!"

அதுதான் முழக்கம். அந்தக் கணத்தில்தான் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். படத்தில் வாய் விழும், சத்தம் விழாது. வாலு என்று வீட்டில் கூப்பிடும் பையனுக்குக் காது வரைக்கும் சிவந்தது. சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நெட்டைதான் காப்பாற்றினான்.

"போடா, போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் பிடிச்சுக்கறேன்," என்று இரண்டு கம்பையும் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

அக்காவும் தம்பியும் இரண்டு தெரு தாண்டியிருப்பார்கள். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. தம்பி திரும்பி ஓடப் பார்த்தான். அக்கா சட்டையை விடவில்லை. பொத்தான்கள் தெறித்தன, சட்டை கிழிந்தது, அப்போதும் விடவில்லை. அன்று வீடு திரும்பாத பிள்ளைகளில் நெட்டையும் ஒருவன்.

அன்று இரவு முழுக்க அழுத தம்பி, மறுநாள் ஒன்றே ஒன்று கேட்டான். "நான் வந்துட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதக்கா." அக்கா சொல்லவில்லை. கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. தம்பி மெல்ல மெல்லத் தலைவர் ஆனதையும், கடைசி வரை நின்றதாக ஊருக்கு ஊர் பேசியதையும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வாயை அவ்வளவு காலம் மூடி வைத்திருந்தது சாமானியக் காரியம் இல்லை.

*

நினைவு நாளுக்கு முந்தின சாயங்காலம் தலைவர் வந்தார். சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அக்கா அவர்களே," என்று ஆரம்பித்தார் தலைவர்.

"வாலு, இது மேடை இல்ல. விஷயத்துக்கு வா."

தலைவர் கூடத்துப் பக்கம் கவலையோடு பார்த்தார். "மெதுவாப் பேசுக்கா. மாமா காதுல விழப்போகுது."

"அவருக்கு விழணும்னா நீ அந்தக் காதுப் பக்கம் போய்ப் பேசணும். சொல்லு."

"நாளைக்கு 'பள்ளியைத் திற'ன்னு ஒரு வாட்டி சொல்லிடுக்கா. ரெண்டே வார்த்தை. அதோட முடிஞ்சிடும்."

"சாப்பாடு ஆறுதுன்னு சொன்னா என்னடா? அந்தப் பயணிங்களுக்கும் பசிக்கும்தானே. நடை அங்கதான் முடியுது."

"விளையாடாத."

"ஏன், ஊர் சிரிக்கும்னு பயமா? முழங்கைத் தலைவரை அக்கா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான்னு தெரிஞ்சா குழுவுல நாற்காலி போயிடுமா?"

கேலியாகத்தான் கேட்டார். தலைவர் சிரிக்கவில்லை. முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். வழுக்கை விழுந்த உச்சந்தலை விளக்கு வெளிச்சத்தில் பரிதாபமாகத் தெரிந்தது.

"நாற்காலி போனாப் போகட்டும்க்கா. நெட்டையோட அப்பா நாளைக்கு வர்றாரு."

அக்காவின் கத்தி நின்றது.

"எந்தக் கூட்டத்துக்கும் வராதவரு. அந்த அதிகாரிப் பொண்ணு எப்படியோ பேசி ஒத்துக்க வெச்சுட்டா. நான் வருஷா வருஷம் அவரைப் போய்ப் பாக்கறேன்ல. ஒவ்வொரு வாட்டியும் அவரு ஒரே கேள்விதான் கேப்பாரு. அவன் பயந்தானான்னு. நான் கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்பா, பயப்படவே இல்லன்னு சொல்லுவேன். அவரு ம்னு தலையாட்டுவாரு. அந்த மனுஷன் இத்தனை வருஷமா அதை வெச்சுத்தான் தூங்கறாரு. என் பையன் தனியாப் போகல, பக்கத்துல சிநேகிதன் இருந்தான்னு. நாளைக்கு நீ வாயைத் திறந்தா அது போயிடும்." தலைவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "எனக்காக இல்லக்கா. அவருக்காக."

அக்கா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெங்காயம் நறுக்கும்போது அழுவதில் ஒரு வசதி, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். தம்பியின் மேல் அவருக்கு எப்போதும் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அது பாசத்தோடு சேர்ந்த இளக்காரம். இப்போது அந்த இளக்காரம் எங்கோ போய்விட்டது. இவன் சுமந்தது பெருமை என்று நினைத்திருந்தோமே என்று அவருக்கு வலித்தது.

"சரி," என்றார். "பள்ளியைத் திற. அவ்வளவுதானே. சாப்பிட்டுட்டுப் போ."

*

நகரமன்றக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் முன்வரிசை பின்வரிசை கிடையாது, எல்லோரும் சமம் என்று அதிகாரி விளக்கினாள். முன்வரிசைக்காரர்கள் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலிகளுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒரு மர உருண்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்பது விதி. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கைக்கு அது போனது, பிறகு வேறு யார் கைக்கும் வரவில்லை. தன் முன்வரிசைக் கதையைச் சொல்லி முடித்து, நடுவரிசையில் நின்றவர்களையும் அடுக்கி, தான் பள்ளியில் சேர்ந்த நாள் வரைக்கும் பின்னோக்கிப் போனார். கடைசியில் பல் டாக்டர்தான் எழுந்து, தன் நோயாளியிடம் பேசுகிற மெல்லிய குரலில் ஏதோ சொல்லி, உருண்டையை வலியில்லாமல் பிடுங்கினார்.

நெட்டையின் அப்பா கதவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, பெரிய கைகள். மகனைப்போலவே நெட்டை. அந்த நாற்காலியில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி வைத்திருந்தார். பக்கத்தில் தலைவர், முதுகு நிமிராமல்.

அதிகாரி அக்காவை நடுவில் நிறுத்தினாள். ஒலிப்பதிவுக்காரர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கை அக்காவின் வாய்க்கு நேராக நீட்டினார். சுவரில் பெரிதாக அந்தப் புகைப்படம், இதில் முகம் இருந்தது.

"அன்னைக்குப் போட்ட அதே முழக்கம் மேடம்," என்றாள் அதிகாரி. "அதே குரல்ல."

அக்கா தொண்டையைச் செருமினார்.

"பள்ளியைத் திற," என்றார்.

அது பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது. கூடத்தில் அவரிடம் வண்டி பழகியவர்கள் நிறையப் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நான் கிளட்ச்சை விட்டப்ப இதைவிடச் சத்தமாக் கேட்டுச்சே," என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். ஒலிப்பதிவுக்காரர் இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். அக்கா மூச்சை இழுத்தார், கையை வீசினார், வாயைத் திறந்தார். படத்தில் இருப்பதைப்போலவே திறந்தது. உள்ளேயிருந்து வந்ததுதான் வேறு.

"பள்ளியை... திற."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பொய்யாகக் கத்தத் தெரியாத தொண்டை அது. நாற்பது வருஷம் வாயை மூடியிருக்கச் சொன்னால் இருக்கும், மாற்றிக் கத்தச் சொன்னால் கத்தாது. அக்காவுக்கு அவமானமாக இருந்தது. தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

நெட்டையின் அப்பா கையைத் தூக்கினார். மர உருண்டைக்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"ஏம்மா," என்றார். "அன்னைக்கு முதல்ல ஒரு பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டே. அதை ஏன் விட்டுட்டே?"

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. புரிந்த இருவரும் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்.

"டேய் வாலுன்னு," என்றார் பெரியவர். "அதுக்கப்புறம்தானே மத்ததெல்லாம். சாப்பாடு ஆறுதுன்னுகூட ஏதோ."

"உங்களுக்கு... யாருப்பா சொன்னாங்க?" தலைவரின் வாயிலிருந்து மேடைக் குரல் வரவில்லை. பதினைந்து வயதுக் குரல் வந்தது.

"காய்கறிக்காரர்தான். என் பையனைக் கடைசியாப் பாத்தது யாருன்னு அந்த நாலு ரோட்டுலயும் கடை கடையா ஏறி இறங்கினேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல, அப்ப எல்லாருக்கும் பயம். அவரு ஒருத்தர்தான் சொன்னாரு. ஒரு பொண்ணு வந்து என் பெட்டி மேல ஏறி, தம்பியைக் கூப்பிட்டுச்சு, தக்காளியெல்லாம் போச்சுன்னு. அந்தப் பையன் போயிட்டான், உங்க பையன் ரெண்டு கம்பையும் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டே நின்னான்னு. சிரிச்சுட்டு நின்னான்னு சொன்னாரு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பல் டாக்டர் அவள் முழங்கையைத் தொட்டார்.

"முதல்லேந்தே தெரியுமாப்பா?" என்றார் தலைவர். "அப்புறம் ஏன்... வருஷா வருஷம் நான் வந்து பக்கத்துல இருந்தேன், இருந்தேன்னு சொன்னப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா அடுத்த வருஷம் வந்திருப்பியா?"

தலைவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நினைவு நாள்னு ஊரே நாற்சந்திக்குப் போகும். பாட்டு, பேச்சு, எல்லாம் அங்க. என் வீட்டுக்கு வர்றது நீ ஒருத்தன்தான். ஏதோ ஒரு பொய்யைத் தூக்கிட்டாவது வர்றானே, வரட்டும்னு இருந்தேன். நீ வாங்கிட்டு வர்ற ஆரஞ்சுதான் ஒரு வருஷம்கூட இனிச்சதில்ல." அவர் தலைவரின் முதுகில் தன் பெரிய கையை வைத்தார். "உன்னைக் கூப்பிட ஆள் வந்துச்சு, நீ போனே. கூப்பிட்டா வரணும்டா. அதுல என்ன தப்பு?"

ஐம்பத்தெட்டு வயதுத் தலைவர், குழுவினர் எல்லோரும் பார்க்க, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார். முன்வரிசைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேரை யார் யார் அன்று வீட்டுக்குக் கூட்டிப் போனார்களோ, அது அவரவருக்குத்தான் தெரியும். வங்கி மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர் அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, அன்னைக்குப் போட்ட மாதிரியே ஒரு வாட்டி கூப்பிடேன்," என்றார். "என் பையனையும் சேர்த்துக் கூப்பிடு. அன்னைக்கு அவனைக் கூப்பிட யாரும் வரல. நான் ஊருக்கு வெளிய, பள்ளத்துல இறங்கிக் குழாய்க்கு மூட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அக்கா சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அன்று பெட்டியின் மேலிருந்து இரண்டு பேரையும்தான் பார்த்தார். இரண்டு கம்பு, இரண்டு தலை. ஆனால் அம்மா ஒருவனைத்தான் கூட்டிவரச் சொல்லியிருந்தாள், அவரும் ஒருவனைத்தான் கூப்பிட்டார். அவனும் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதானே, இன்னும் ஒரு பேர் சொல்ல எத்தனை மூச்சு ஆகியிருக்கும்? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது அவருக்குத் தோன்றியது. தோன்றியபோது தாங்க முடியவில்லை.

மைக்கை ஒரு கையால் ஒதுக்கினார். நிமிர்ந்து நின்றார்.

"டேய் வாலு! டேய் நெட்டை! வீட்டுக்கு வாங்கடா! ரெண்டு பேரும் வாங்கடா! சாப்பாடு ஆறுது!"

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று, தங்களைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மூச்சு வாங்க நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அதிகாரி பதிவு சரியாக வந்ததா என்று கேட்கவில்லை. அதை ஓர் அனுபவம் என்றும் அவள் சொல்லவில்லை.

தலைவர்தான் முதலில் எழுந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பெரியவரின் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"எழுந்திருங்கப்பா," என்றார். "வீட்டுக்குப் போலாம். அக்கா கூப்பிடறா."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் பெரியவர், எழுந்திருக்கக் கையை நீட்டியபடி.